ஒரு பிடி புளிமாவு

ரொட்டி மாவைப் பொங்கச் செய்யும் ஈஸ்டை இன்று நாம் கடையில் சிறு பொட்டலமாக வாங்குகிறோம். அவ்வசதி இல்லாத காலத்தில், கிரேக்க நாட்டுக் கிராமப் பெண்கள் புளிமாவைத் தம் இல்லத்திலேயே உண்டாக்கினர்.

கோதுமை மாவை வெதுவெதுப்பான நீரில் பிசைந்து மூடி வைப்பர். நாள்தோறும் சிறிது மாவும் நீரும் சேர்ப்பர். சில நாட்களில் அது நுரைத்துப் புளிப்பு மணம் வீசும். செப்டம்பர் 14ஆம் நாள், திருச்சிலுவைத் திருநாளன்று, தேவாலயத்தில் பெற்ற திருநீற்றுப்பச்சிலையைக் கொண்டு ஆண்டுக்கொரு முறை புதிய புளிமாவு தொடங்குவது அவர்களது மரபு.

மாவு பொங்குவதன் காரணம் யாது? கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் மாவிலேயே உள்ளன. அவை மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளியிடுகின்றன. பிசைந்த கோதுமை மாவின் பசை அவ்வாயுவைப் பிடித்து வைப்பதால் ரொட்டி உப்புகிறது. நாம் அரைத்து வைக்கும் இட்லி மாவு இரவில் பொங்குவதும் நுண்ணுயிர்களின் வேலையே.

அடுப்பின் வெப்பத்தில் இவை மடிந்துவிடும். ஆதலால், சுடுவதற்கு முன் ஒரு பிடி மாவை எடுத்து வைப்பது அப்பெண்கள் தவறாது காத்த விதி. மறந்தால், அண்டை வீட்டாரிடம் ஒரு பிடி கேட்க வேண்டும். அல்லது பல நாள் காத்திருக்க வேண்டும்.

நாமும் இதனை நினைவிற்கொள்வோம். புளிக்க வைக்கும் மாவில் கொதிநீர் ஊற்றலாகாது. பாத்திரம் தூய்மையாக இருத்தல் வேண்டும். பூஞ்சணம் பூத்த மாவைத் தயங்காது எறிந்துவிடுதல் வேண்டும்.