எந்த அரிப்பு இது?

திருப்புட்குழி போன்ற ஒரு ஊரில் மூன்று வீடுகளை எண்ணிப் பார்ப்போம். ஒரு வீட்டில் ஆறு மாதக் குழந்தைக்குக் கன்னமெல்லாம் சிவந்து நீர் வடிகிறது. அடுத்த தெருவில், ஒரகடம் பக்கம் கட்டட வேலைக்குப் போய்வரும் கொத்தனாருக்குப் புறங்கை வெடித்து எரிகிறது. ஊர்க்கோடியில், ஐம்பதைத் தாண்டிய விவசாயிக்கு இமையும் கழுத்தும் முழங்கை மடிப்பும் தடித்துக் கறுத்துவிட்டன. ராத்திரி முழுக்கச் சொறிகிறார். மூவருக்கும் வந்திருப்பது எக்ஸிமா, ஊர் வழக்கில் கரப்பான். மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரே மாதிரி ட்யூப் மூன்று வீட்டு அலமாரியிலும் இருக்கும். காரணங்கள் மட்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாதவை.

குழந்தைக்கு வந்திருப்பது பரம்பரையோடு தொடர்புள்ள ‘அடோபிக்’ வகை. தோலின் மேலடுக்கைச் செறிவாக வைத்திருக்க ஃபிலாக்ரின் என்ற புரதம் வேண்டும். அதற்கான மரபணுவில் கோளாறு இருந்தால் இந்நோய் வரும் வாய்ப்பு கூடுகிறது என்பதை 2006-ல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இர்வின் மெக்லீன் குழுவினர் காட்டினார்கள். இப்படிப்பட்ட தோலில் ஈரம் நிற்காது. தூசும் கிருமியும் எளிதாக உள்ளே போகும், உடலின் எதிர்ப்புச் சக்தி கிளர்ந்தெழும், அரிக்கும். சொறியச் சொறியத் தோல் இன்னும் கிழிந்து அரிப்பு கூடும்.

ஆகவே இங்கே முதல் சிகிச்சை ஈரத்தைக் காப்பதுதான். வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளிப்பாட்டி, துண்டால் ஒற்றியெடுத்த கையோடு ஈரம் காக்கும் களிம்பைப் பூச வேண்டும். விலை கட்டுப்படியாகாத வீடுகளுக்குப் பிலிப்பைன்ஸிலிருந்து ஒரு நல்ல செய்தி உண்டு. அங்கே 117 குழந்தைகளிடம் நடத்தி 2014-ல் வெளியான ஆய்வில், வெர்ஜின் தேங்காய் எண்ணெய் மினரல் ஆயிலைவிடத் தெளிவாக நல்ல பலன் தந்தது. வாசனை சேர்த்த தலைமுடி எண்ணெய்க்கு இது பொருந்தாது.

கரப்பான் பண்டம் என்று கத்திரிக்காய், கருவாடு, முட்டை, மீன் எல்லாவற்றையும் தாய்க்கும் பிள்ளைக்கும் நிறுத்திவிடும் வழக்கமும் இருக்கிறது. சில குழந்தைகளுக்கு உணவு ஒவ்வாமை இருக்கத்தான் செய்யும். ஆனால், மருத்துவர் உறுதி செய்யாமல் கண்டதையும் நிறுத்தினால் வளரும் பிள்ளைக்குப் புரதச் சத்துதான் குறையும்.

கொத்தனாரின் கைக்குக் காரணம் ஈரச் சிமென்டில் கரையும் குரோமியமாக இருக்கலாம். டென்மார்க் 1980-களின் தொடக்கத்திலேயே சிமென்டில் இரும்பு சல்ஃபேட் கலந்து இதைக் கட்டுப்படுத்தியது. கட்டடத் தொழிலாளர்களிடையே அந்த ஒவ்வாமை வெகுவாகக் குறைந்தது. 2005-லிருந்து ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் சிமென்டில் கரையும் குரோமியத்தின் அளவுக்கு வரம்பு இருக்கிறது.

விவசாயியின் கதை இன்னும் சிக்கலானது. பார்த்தீனியம் செடியை அறியாத விவசாயி இல்லை. வரப்பு, சாலையோரம், தரிசு என்று எங்கும் வெள்ளைப் பூவோடு நிற்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இந்தக் களை 1950-களின் நடுவில் புனேயில் கவனிக்கப்பட்டது; 1970-களில் அதே வட்டாரத்து மருத்துவர்கள் இது உண்டாக்கும் தோல் நோயைப் பதிவு செய்தார்கள். செடியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை. பார்த்தெனின் என்ற வேதிப்பொருள், காய்ந்த செடியின் தூசோடு காற்றில் கலந்து வரும். சட்டை மூடாத முகம், கழுத்து, முன்கை முதலில் பாதிக்கப்படும். இமையிலும் மடிப்புகளிலும் வருவதால் பார்ப்பவர்களுக்கு இது குழந்தைக்கு வந்த அதே நோய்போலத் தோன்றும். செடியைத் தின்னும் மெக்சிகோ வண்டை 1984-ல் பெங்களூருவில் விட்டுப் பார்த்தார்கள். செடி இன்னும் ஒழியவில்லை. நோய் முற்றியவர்களுக்கு அசதியோபிரின் போன்ற மாத்திரைகள் உதவுகின்றன. ரத்தப் பரிசோதனையோடு, மருத்துவரின் மேற்பார்வையில் மட்டுமே அவற்றைச் சாப்பிட வேண்டும்.

அந்த ட்யூபுக்கு வருவோம். 1952-ல் நியூயார்க்கில் சுல்ஸ்பெர்கரும் விட்டனும் ஹைட்ரோகார்ட்டிசோன் களிம்பின் பலனை வெளியிட்டபோது தோல் மருத்துவமே மாறியது. சரியான வீரியத்தில், சரியான இடத்தில், குறித்த நாட்களுக்குப் பூசினால் ஸ்டீராய்டு இன்றைக்கும் நல்ல மருந்துதான். மிக வீரியமான குளோபெட்டசால், பூஞ்சை மருந்தோடும் கிருமிக்கொல்லியோடும் ஒரே ட்யூபில் கலந்து சீட்டில்லாமல் கைமாறியதுதான் வினையானது. மாதக்கணக்கில் முகத்தில் பூசித் தோல் மெலிந்து, ரத்தநாளம் தெரிந்து, பரு வெடித்து வந்தவர்களைப் பார்த்து, கௌசிக் லஹிரியும் அரிஜித் கூண்டூவும் 2008-ல் இந்தச் சேதத்துக்குத் தனிப்பெயரே வைத்தார்கள். 2018-ல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகள் அடங்கிய களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கத் தடை விதித்தது. சீட்டு கேட்கும் பழக்கம் எல்லாக் கடைகளுக்கும் இன்னும் வந்துவிடவில்லை.

படர்தாமரைக்கு இதே களிம்பைப் பூசினால் இன்னும் மோசம். சிவப்பும் அரிப்பும் அடங்கும், பூஞ்சை உள்ளே பரவும், வட்டம் அழிந்து அடையாளமே தெரியாமல் போகும். சாதாரண மருந்துக்கு அடங்காத பூஞ்சை ஒன்று நம் நாட்டில் பெருகி, 2020-லிருந்து ‘டிரைக்கோபைட்டான் இன்டோடினியே’ என்று நாட்டின் பெயரையே தாங்கி நிற்கிறது.

ஆக, தோல் மருத்துவரிடம் போவது புதிய களிம்பு வாங்கிவர மட்டுமல்ல. விரலிடுக்கில் ராத்திரி அரித்து, வீட்டில் எல்லோருக்கும் இருந்தால் அது சிரங்கு. அரிக்காமல் உணர்ச்சியற்ற தேமல் என்றால் தொழுநோயா என்று பார்க்க வேண்டும். ஒவ்வாமை என்று பட்டால் பேட்ச் டெஸ்ட் செய்வார்கள். 1895-ல் யாடாசோன் என்ற ஜெர்மானிய மருத்துவர் தொடங்கிவைத்த முறை அது. சந்தேகப்படும் பொருட்களைத் துளித்துளியாக முதுகில் ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரித்து, மீண்டும் 96-வது மணியில் எந்த இடம் தடித்திருக்கிறது என்று பார்ப்பார்கள். முதுகு நனையக் கூடாது, வியர்க்கும் வேலைக்கும் போகக் கூடாது.

கூலிக்காரருக்கு இது மூன்று முறை பஸ் ஏறுவதும் ஒரு வாரக் கூலி போவதுமாகிவிடுகிறது. செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரியிலும் சென்னையிலும் தோல் துறைகள் இருந்தும் கொத்தனார் மெடிக்கல் வாசலிலேயே நின்றுவிடுவது அதனால்தான். இத்தனைக்கும் இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஒட்டும் பட்டையும் சில பொருட்களும் பழகிய கண்ணும் போதும். உத்திரமேரூர் போன்ற தாலுகா ஊர்களின் அரசு மருத்துவமனைகளில் மாதம் ஒரு வாரமாவது இதைச் செய்தால், நடவும் களையெடுப்பும் நடக்கும் இடத்திலேயே காரணம் தெரிந்துவிடும்.

அதுவரை, போகிறவர்கள் சில காரியங்களைச் செய்யலாம். பூசிய ட்யூபுகள் எல்லாவற்றையும், காலியானதையும், எடுத்துப் போக வேண்டும். அரிப்பு அதிகமான நாளில் செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது. இ-சஞ்சீவனி தொலைமருத்துவச் சேவை வழியாக மருத்துவரிடம் பேசுபவர்களுக்கும் அந்தப் படம் உதவும். என்ன வேலை, என்ன சோப்பு, என்ன செடி என்பதைக் கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டும். பூஞ்சைக் களிம்பு எதையாவது பூசியிருந்தால், எப்போது நிறுத்தியது என்பதையும் சொல்ல வேண்டும். சுரண்டியெடுத்த தோலை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும்போது பூஞ்சை தெரியாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.