ஆளை காணோமா? 24 மணி நேரம் காத்திருக்காதீங்க! ஓசூர் எல்லையில் உடனே செய்ய வேண்டியது என்ன?

ஓசூர்,

"ஷிப்டு முடிஞ்சிடுச்சு, கிளம்பிட்டேன்" என்று போன் செய்தவர் வீடு வந்து சேரவில்லை. செல்போன் 'சுவிட்ச் ஆப்'. பள்ளிக்கூடம் விட்டு வர வேண்டிய பிள்ளையை காணோம். கடைக்கு போன வயதான அப்பா திரும்பவில்லை. இப்படி ஒரு நிலைமை வந்தால் முதலில் கை, கால் ஓடாது. அந்த பதற்றத்தில் வீணாகும் முதல் சில மணி நேரம்தான் ரொம்ப முக்கியம்.

ஓசூர் பகுதியில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஜூஜூவாடியை தாண்டினால் அத்திப்பள்ளி. அது கர்நாடகா. பெங்களூரு சுமார் 40 கி.மீ. தூரம்தான். வேப்பனப்பள்ளி, மகாராஜகடை பக்கம் போனால் ஆந்திரா. காணாமல் போனவர் ஒரு மணி நேரத்தில் 3 மாநிலங்களில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். மொழி வேறு, போலீஸ் வேறு. அதனால் இங்கே தேடுவதற்கு கொஞ்சம் திட்டம் வேண்டும்.

24 மணி நேர கணக்கு உண்மையா?

"ஒரு நாள் பாருங்க, வரலைன்னா புகார் கொடுங்க" என்று அக்கம் பக்கத்தில் சொல்வார்கள். அப்படி ஒரு சட்டமே கிடையாது. ஆளை காணோம் என்று சந்தேகம் வந்த உடனேயே போலீசுக்கு போகலாம். 112-க்கு போன் செய்யலாம். எல்லை ஓரத்தில் நின்று பேசும்போது அழைப்பு பக்கத்து மாநிலத்துக்கு போய்விட வாய்ப்பு உண்டு. அதனால் "ஓசூர், தமிழ்நாடு" என்று முதலிலேயே சொல்லி விடுங்கள்.

எந்த ஸ்டேஷன் என்ற குழப்பமும் வேண்டாம். வீடு காவேரிப்பட்டணம், வேலை சிப்காட், கடைசியாக பார்த்தது ஓசூர் பஸ் நிலையம் என்றால் பக்கத்தில் எந்த போலீஸ் நிலையம் இருக்கிறதோ அங்கே போங்கள். கடத்தல் போன்ற குற்றம் என்று சந்தேகம் இருந்தால், "எங்க லிமிட் இல்லை" என்று திருப்பி அனுப்ப முடியாது. 2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த புதிய குற்றவியல் சட்டப்படி, எந்த எல்லையில் நடந்திருந்தாலும் வழக்குப்பதிவு செய்து, உரிய ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டும். எப்.ஐ.ஆர். நகல் இலவசம். உடனே எப்.ஐ.ஆர். போடாவிட்டால் சி.எஸ்.ஆர். ரசீதையாவது கேட்டு வாங்காமல் வராதீர்கள்.

முதல் ஒரு மணி நேரம்

வீட்டில் உள்ள எல்லாரும் ஒரே பக்கம் ஓட வேண்டாம். வேலையை பிரித்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் வீட்டிலேயே இருக்க வேண்டும். ஆள் திரும்பி வந்தாலும் வரலாம்.

ஒருவர் கம்பெனி கேட், காண்டிராக்டர், விடுதி வார்டன், உடன் வேலை பார்ப்பவர்கள் என விசாரிக்க வேண்டும். எத்தனை மணிக்கு பஞ்ச் செய்து வெளியே போனார், எந்த வண்டியில் ஏறினார் என்பது அங்கேதான் தெரியும்.

ஒருவர் 108-க்கு போன் செய்து, அந்த நேரத்தில் விபத்து ஏதும் நடந்ததா என்று கேட்க வேண்டும். ஓசூர் அரசு ஆஸ்பத்திரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இரண்டிலும் நேரில் பாருங்கள். தலையில் அடிபட்டவர்களை பெங்களூரு நிமான்ஸ், விக்டோரியா ஆஸ்பத்திரிகளுக்கு கொண்டு செல்வதும் உண்டு. பேச முடியாத நிலையில் இருப்பவர் 'பெயர் தெரியாதவர்' என்றுதான் பதிவாகி இருப்பார். அதனால் பெயரை மட்டும் சொல்லி கேட்காமல், வயதையும் அடையாளத்தையும் சொல்லி கேளுங்கள்.

இன்னொருவர் கண்காணிப்பு கேமரா இருக்கும் கடைகளை குறித்துக்கொள்ள வேண்டும். பல கடைகளில் சில நாட்களில் பழைய பதிவு தானாகவே அழிந்து விடும். "அண்ணே, இன்னைக்கு பதிவை மட்டும் அழியாம எடுத்து வைங்க" என்று சொல்லிவிட்டு, கடை பெயரை போலீசிடம் கொடுங்கள்.

சட்டை சொன்ன துப்பு

புகாரில் பெயர், வயது, உயரம் மட்டும் எழுதினால் போதாது. அன்று போட்டிருந்த துணி, செருப்பு, மச்சம், தழும்பு, பச்சை குத்தியது, தாயத்து, கம்பெனி ஐ.டி. கார்டு, வண்டி நம்பர் எல்லாம் எழுத வேண்டும். சமீபத்திய போட்டோ கொடுங்கள். கல்யாண போட்டோ வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு ஓசூரே சாட்சி. 2018 நவம்பரில் ஓசூர் அருகே கிராமத்தை சேர்ந்த, சாதி மாறி திருமணம் செய்த இளம் தம்பதி கடத்தப்பட்டனர். கர்நாடக மாநிலம் மண்டியா மாவட்டத்தில் காவிரி ஆற்றில் பிணமாக மீட்கப்பட்டனர். அவர்கள் யார் என்று கர்நாடக போலீசாருக்கு முதலில் தெரியவில்லை. வாலிபர் அணிந்திருந்த சட்டையில் ஊர் பெயர் இருந்தது. அதை வைத்துத்தான் விசாரணை ஓசூருக்கு வந்தது. பெண்ணின் உறவினர்கள் கைது செய்யப்பட்டனர்.

ஆகவே வீட்டில் மிரட்டல், சாதி தகராறு, கடன் தொல்லை ஏதாவது இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். "மானம் போயிடும்" என்று மறைத்தால் உயிரே போய்விடலாம்.

எல்லைக்கு அந்த பக்கம்

இங்கே புகார் கொடுத்த கையோடு, சி.எஸ்.ஆர். நகலையும் போட்டோவையும் எடுத்துக்கொண்டு அத்திப்பள்ளி, ஆனேக்கல், எலக்ட்ரானிக் சிட்டி போலீஸ் நிலையங்களில் கொடுங்கள். கன்னடம் தெரிந்தவர் ஒருவரை உடன் கூட்டிச்செல்லுங்கள். மடிவாளா, சில்க் போர்டு, மெஜஸ்டிக் பஸ் நிலையம், பெங்களூரு ரெயில் நிலையங்கள் ஆகியவையும் பார்க்க வேண்டிய இடங்கள். ரெயிலில் போயிருக்கலாம் என்றால் 139-க்கு சொல்லுங்கள். ஓசூர் ரெயில் நிலையமே தென்மேற்கு ரெயில்வேயின் பெங்களூரு கோட்டத்தில்தான் வருகிறது.

வடமாநில தொழிலாளி மாயமானால், அவரது சொந்த ஊரில் உள்ள குடும்பத்தினர் அங்கேயே புகார் கொடுக்கலாம். இங்கே உடன் தங்கி இருப்பவர்களும் கொடுக்கலாம்.

குழந்தை என்றால்...

18 வயதுக்கு உட்பட்டவர் என்றால் ஒரு நிமிடம் கூட தாமதம் வேண்டாம். 112, 1098 இரண்டுக்கும் சொல்லுங்கள். காணாமல் போன குழந்தை பற்றி புகார் வந்தால் எப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும், கடத்தல் என்ற கோணத்தில்தான் விசாரணையை தொடங்க வேண்டும் என்று 2013 மே மாதம் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டுள்ளது. 4 மாதத்தில் கிடைக்காவிட்டால் ஆள் கடத்தல் தடுப்பு பிரிவுக்கு வழக்கு போக வேண்டும். வெளியூரில் மீட்கப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக்குழு முன்பு ஆஜர்படுத்துவார்கள். எனவே அந்தந்த மாவட்ட குழுவிடமும் விசாரியுங்கள்.

மாதக்கணக்கில் ஆனாலும் நம்பிக்கையை விட வேண்டாம். காப்பகத்தில் இருக்கும் குழந்தைக்கு ஆதார் எடுக்கும்போது, கைரேகை ஏற்கனவே பதிவாகி இருந்தால் ஊர் தெரிந்துவிடும். பெங்களூருவிலேயே 2017-ல் அப்படி வீடு திரும்பிய சிறுவன் உண்டு. தமிழக போலீசிலும் முகத்தை வைத்து அடையாளம் காணும் மென்பொருள் 2021 முதல் இருக்கிறது. அதற்கும் தெளிவான போட்டோ வேண்டும்.

செல்போனில் கிடைக்கும் துப்பு

காணாமல் போனவரின் சிம் கார்டை 'பிளாக்' செய்யாதீர்கள். ரீசார்ஜ் முடிந்தால் போட்டு விடுங்கள். செல்போன் வாங்கிய அட்டைப்பெட்டியில் இருக்கும் ஐ.எம்.இ.ஐ. நம்பரை போலீசிடம் கொடுங்கள். வேறு சிம் போட்டாலும் கண்டுபிடிக்க அது உதவும். வாட்ஸ்-அப்பில் கடைசியாக எப்போது வந்தார், ஏ.டி.எம்.மில் எங்கே பணம் எடுத்தார், கார் என்றால் பாஸ்டேக்கில் எந்த சுங்கச்சாவடியில் பணம் போனது என்பதெல்லாம் துப்புதான். டவர் விவரத்தை போலீஸ்தான் கேட்டு வாங்க முடியும். "பணம் கொடுங்க, நான் எடுத்து தர்றேன்" என்று வருபவரை நம்பாதீர்கள்.

பணம் கேட்டு போன் வந்தால்...

வாட்ஸ்-அப்பில் போட்டோவும் நம்பரும் போட்ட உடனே, "உங்க பையன் எங்கிட்டதான் இருக்கான், ஜிபே பண்ணுங்க" என்று மோசடி போன் வரலாம். பணம் அனுப்பாதீர்கள். காணாமல் போனவரிடம் பேச வைக்க சொல்லுங்கள். அன்று என்ன சட்டை என்று கேளுங்கள். நம்பரை போலீசிடம் கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு சொல்லுங்கள்.

அதேபோல "பிள்ளை பிடிக்கிற கும்பல்" என்று வதந்தி பரப்பாதீர்கள். 2018 மே மாதம் இந்த வதந்தியால் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே ஒரு மூதாட்டியும், பெங்களூரு சாமராஜ்பேட்டையில் ஒரு வாலிபரும் அடித்தே கொல்லப்பட்டனர். குழந்தையை தேடி அலைபவரையே கும்பல் சந்தேகப்படும் நிலை வரக்கூடாது.

நடவடிக்கை இல்லை என்றால்...

குற்றம் என்று சந்தேகம் இருந்தும் வழக்கு போடாவிட்டால், மாவட்ட போலீஸ் சூப்பிரண்டுக்கு தபாலில் புகார் அனுப்பலாம். அடுத்து மாஜிஸ்திரேட்டு கோர்ட்டை நாடலாம். யாரோ அடைத்து வைத்திருக்கிறார்கள் என்றால் சென்னை ஐகோர்ட்டில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

18 வயது நிரம்பியவர் தன் விருப்பப்படி போனதாக சொன்னால், கட்டாயப்படுத்தி அழைத்து வர முடியாது. "உயிரோட இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்பதே பெரிய செய்திதான்.

ஆள் கிடைத்ததும் போலீசுக்கு சொல்லுங்கள். வாட்ஸ்-அப்பில் போட்ட போட்டோவை எடுத்து விடுங்கள். முக்கியமாக பெண் பிள்ளைகளின் போட்டோ ஊர் ஊராக சுற்றக்கூடாது.

செல்போனில் இப்பவே பதிவு செய்ய வேண்டிய எண்கள்: அவசர போலீஸ் 112, ஆம்புலன்ஸ் 108, குழந்தைகள் 1098, பெண்கள் 181, முதியோர் 14567, ரெயில்வே 139, பண மோசடி 1930.