கேளாத ஒலி – 14: தங்கம் பூசிய படலம்

பங்காருபேட்டையில் ரயில் மாறி மாரிக்குப்பம் போகிறவர்கள் கோரமண்டல், உரிகம், சாம்பியன் என்று வரிசையாகச் சுரங்கங்களின் பெயர்களையே நிலையங்களாகக் கடப்பார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போனது. அங்கே தேங்கிய அழுத்தம் சட்டென விடுபட்டால் பாறை வெடித்துச் சிதறும். ‘ராக் பர்ஸ்ட்’ என்ற சொல்லைக் கேட்டாலே கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் யாரையாவது நினைத்துக்கொள்ளும். பாறையின் அதிர்வைப் பதிய ஜியோஃபோன்கள் வைத்தார்கள். 1988இல் தேசிய பாறை இயக்கவியல் நிறுவனமே இங்கு தொடங்கியது. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

பாறையோடு பேச ஏற்ற கருவி காற்றோடு பேசாது. அல்ட்ராசவுண்டுக்கு வழக்கமாகப் பயன்படும் பீசோ பீங்கான் கனமானது, விறைப்பானது, பாறைக்குப் பொருத்தம். அதே பீங்கான் காற்றில் அதிர்ந்தால் 99.99 சதவீதத்துக்கும் மேலான ஒலி வெளியேறாமல் எல்லையிலேயே திரும்பிவிடும். காற்றுக்கு எடையே இல்லாத ஒன்று வேண்டும்.

அதுதான் கொள்ளளவு வகைக் கருவி. ஓர் உலோகத் தகடு, அதன்மேல் இழுத்துக் கட்டிய மெல்லிய படலம். இரண்டுக்கும் இடையே மின்னழுத்தம் கொடுத்தால் ஈர்ப்பு உண்டாகும். படலம் அசையும், காற்று அசையும். 1978இல் வந்த போலராய்டு சோனார் கேமரா தூரம் அளந்தது இப்படித்தான். அதன் படலம் தங்கம் பூசிய பிளாஸ்டிக்! தங்கம் கறுக்காது, மிக மெல்லிய பூச்சாக இருந்தாலும் மின்சாரம் கடத்தும். 800 டன்னுக்கு மேல் தங்கம் வெட்டித் தந்த ஊருக்கு இந்தச் செய்தி போய்ச்சேர வேண்டும் என்பது என் ஆசை.

வடிவமைப்பின் சூட்சுமம் இனிமேல்தான். மின்னழுத்தம் கூட்டலோ கழித்தலோ, படலத்தைத் தகடு ஈர்க்கத்தான் செய்யும், தள்ளாது. வெறும் மாறுமின்சாரம் கொடுத்தால் படலம் ஒரு சுற்றுக்கு இருமுறை இழுபடும். 25 கிலோஹெர்ட்ஸ் கொடுத்தால் 50 வெளிவரும். அதனால் 150 வோல்ட் போல ஒரு நிலையான அழுத்தத்தை முன்கூட்டியே ஏற்றி, அதன்மேல் சைகையைச் சேர்க்கிறார்கள். தகட்டில் நுண்ணிய பள்ளங்களும் உண்டு. பள்ளம் ஆழம் குறைந்தால் அடைபட்ட காற்று விறைக்கும், அதிர்வெண் ஏறும். 10 மீட்டர் தள்ளியுள்ள சுவரின் எதிரொலி 58 மில்லிவிநாடியில் திரும்பிவந்து அதே படலத்தைத் தட்டும்.

இடைவெளி குறையக் குறைய ஈர்ப்பு வேகமாக ஏறும். ஆனால் படலம் இடைவெளியில் மூன்றிலொரு பங்கு நகர்ந்துவிட்டால் ஈர்ப்பு மிஞ்சி, தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஸ்டான்ஃபோர்டில் ஹாலரும் குரி-யாகூபும் 1994இல் சிலிக்கானில் இதே கருவியை நுண்ணளவில் வடித்தபோதும் அந்த எல்லை கூடவே வந்தது. அதை அவர்கள் துறை எப்படிக் கையாள்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)