உடம்பில் ஓடு இல்லை... ஆனால் உடம்பெல்லாம் வண்ணம்! குற்றாலத் தண்ணீர் சேரும் கடலில் ஓர் அதிசய நத்தை

சாரல் சீசன் வந்துவிட்டால், குற்றாலத்தில் அருவிக்கு இணையாகக் கொட்டுபவை செல்போன் படங்கள்தான். அப்படிப் படம் எடுக்கும்போது காலடியில் ஓடும் தண்ணீர் எங்கே போகிறது தெரியுமா? சிற்றாறாகத் தென்காசியைக் கடந்து, சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலந்து, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவைச் சேர்கிறது. அந்தக் கடலின் பவளப்பாறைகளில் வாழ்கின்றன, ஓடில்லாக் கடல் நத்தைகள்.

மழைக்காலத்தில் தோட்டத்தில் ஊருமே, ஓடில்லா நத்தை... அதற்கு இவை தூரத்துச் சொந்தம். குஞ்சுப் பருவத்தில் ஓடு இருக்கும்; வளரும்போது பெரும்பாலானவை அதை உதறிவிடும்.

ஓடு போனால் பாதுகாப்பு? சில நத்தைகள் கடற்பஞ்சுகளைத் தின்று, அவற்றின் நச்சைத் தங்கள் உடலில் சேமித்துக்கொள்கின்றன. வேறு சில, கடல் சாமந்திகளைத் தின்று, அவற்றின் கொட்டும் செல்களையே முதுகில் ஆயுதமாக வைத்துக்கொள்கின்றன. பளிச் நிறம், மீன்களுக்கு விடும் எச்சரிக்கை!

படம் ஏன் முக்கியம்?

இவற்றைப் பாடம் செய்து பாட்டிலில் வைத்தால் நிறம் வெளுத்துவிடும். அதனால்தான், சென்னை மாகாண அதிகாரி வால்டர் எலியட் சேகரித்த கடல் நத்தைகளை ஆல்டர், ஹான்காக் என்ற இரு ஆய்வாளர்கள் 1864-ல் லண்டனில் விவரித்தபோது, உயிருள்ள நத்தைகளைப் பார்த்து வரைந்த வண்ண ஓவியங்கள் கைகொடுத்தன. இன்று அந்த வேலையைச் செய்வது கேமரா.

எப்படி எடுப்பது?

* பல நத்தைகள் விரல் நீளம்கூட இருக்காது. மேக்ரோ லென்ஸ் அவசியம்.
* ஆழம் கூடக் கூட, முதலில் மறைவது சிவப்பு நிறம். டார்ச் அல்லது ஃப்ளாஷ் வெளிச்சத்தில்தான் உண்மை நிறம் தெரியும்.
* தொடக் கூடாது; குச்சியால் நகர்த்தக் கூடாது. எதன் மேல் ஊர்கிறதோ, பெரும்பாலும் அதுவே அதன் சாப்பாடு.
* இடம், ஆழம், தேதியைக் குறித்து வைத்தால், அழகான படம் ஆய்வுக்கான ஆதாரமாகவும் மாறும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி, 1986-ல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. வனத்துறை அனுமதியின்றி அங்கே நுழைய முடியாது. ஆனால், கடல் சூடேறிப் பவளம் வெளுப்பதற்கும், ஆற்றோடு வரும் பிளாஸ்டிக்குக்கும் எந்த அனுமதியும் தேவைப்படுவதில்லை. பவளப்பாறை அழிந்தால் அதைச் சார்ந்து வாழும் உயிர்களும் பாதிக்கப்படும். கடற்பஞ்சு குறைந்தால் அதை நம்பி வாழும் நத்தைக்கு உணவில்லை.

குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு பயன்படுத்த உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஏற்கெனவே தடை விதித்திருக்கிறது. அடுத்த சீசனில் குளிக்கப் போகும்போது, காலி பாக்கெட்டைத் தண்ணீரில் விடாமல் பையில் போட்டு எடுத்து வாருங்கள். கடலைப் பார்க்காமலேயே கடலுக்குச் செய்யும் உதவி அது!