தேர்வுக்குழு இல்லாத விழா: எடின்பரோ விளிம்பு விழாவில் நகைச்சுவை, நாடகம், இசை

முன்னுரை

ஸ்காட்லாந்தின் தலைநகரான எடின்பரோவில் ஆகஸ்ட் மாதத்தில் நிகழும் விளிம்பு விழா (ஃபிரிஞ்ச்) உலகின் மிகப் பெரிய நிகழ்த்துகலை விழாவாக அறியப்படுகிறது. அண்மைக் காலத்தில் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குள் 3,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் அரங்கேறுகின்றன. இவற்றைத் தெரிவு செய்யும் குழு எதுவும் இல்லை. அரங்கம் ஒன்றைப் பெற்றுப் பதிவுக் கட்டணம் செலுத்துவோர் அனைவருக்கும் நிகழ்ச்சிப் பட்டியலில் இடமுண்டு. எனினும் தெரிவு முற்றாக நீங்கிவிட்டது எனக் கொள்வது பொருந்தாது. அது குழுவின் கையிலிருந்து அரங்க வாடகைக்கும் நேர அளவுக்கும் மாறியது. கலைவடிவங்களின் போக்கையும் அம்மாற்றமே வரையறுத்தது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

தோற்றம்

போருக்குப் பின், 1947-இல், எடின்பரோ பன்னாட்டு விழா தொடங்கப்பெற்றபோது எட்டு நாடகக் குழுக்கள் அழைப்பின்றியே வந்து நிகழ்த்தின. கிளாஸ்கோ யூனிட்டி தியேட்டர் கார்க்கியின் நாடகம் ஒன்றை மேடையேற்றியது. இன்னொரு குழு நகருக்கு வெளியே டன்ஃபெர்ம்லின் மடாலயத்தில் இடைக்கால அறநாடகம் ஒன்றை நடித்தது. மறு ஆண்டில் நாடக ஆசிரியர் ராபர்ட் கெம்ப் இவற்றை விழாவின் ‘விளிம்பில்’ நிகழ்பவை எனச் செய்தித்தாளில் குறிப்பிட, அச்சொல்லே பெயராயிற்று. 1958-இல் உருவான விளிம்பு விழாச் சங்கம், நிகழ்ச்சிகளைத் தணிக்கை செய்வதில்லை என்பதைத் தன் கொள்கையாகவே வகுத்துக்கொண்டது. பிரித்தானிய நாடகப் பனுவல்களை அரசவை அலுவலர் முன்தணிக்கை செய்யும் முறை 1968 வரை நீடித்தது என்பதை நோக்க, இக்கொள்கையின் துணிவு புலப்படும்.

நேரமும் வடிவமும்

தேவாலயக் கூடங்கள், பல்கலைக்கழக அறைகள், மதுவிடுதிகளின் நிலவறைகள் எல்லாம் ஆகஸ்டில் அரங்குகளாகின்றன. ஓர் அறையைக் காலை முதல் நள்ளிரவு வரை பல குழுக்கள் பங்கிட்டுக்கொள்ளும். ஆகவே பெரும்பாலான நிகழ்ச்சிகள் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துள் அடங்கவேண்டும். ஒரு குழு வெளியேறி அடுத்தது மேடையமைக்கச் சில நிமிடங்களே கிடைக்கும். பெரிய காட்சியமைப்பும் மிகுதியான நடிகர்களும் கொண்ட நாடகம் இங்குத் தாக்குப்பிடிப்பது அரிது. தனியொருவர் ஒலிவாங்கியுடன் நின்று பேசும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவைக்கோ இவ்வரையறை இயல்பாகவே பொருந்துகிறது. 1981-இல் பெரியே நகைச்சுவை விருது ஏற்படுத்தப்பட்டது. முதல் விருதைப் பெற்ற கேம்பிரிட்ஜ் மாணவர் குழுவில் ஸ்டீபன் ஃபிரை, எம்மா தாம்சன் ஆகியோர் இருந்தனர். 2008-இல் நிகழ்ச்சிப் பட்டியலில் நகைச்சுவை நாடகத்தை விஞ்சியது. மக்களின் சுவை மாறியதை மட்டும் இதற்குக் காரணமாகக் கூறுவது போதாது. செலவுக் கணக்கையும் சேர்த்தே நோக்கவேண்டும்.

நாடகமும் தன்னைச் சுருக்கிக்கொண்டது. டாம் ஸ்டாப்பர்டின் ‘ரோசன்கிரான்ட்சும் கில்டன்ஸ்டெர்னும் இறந்துவிட்டனர்’ 1966-இல் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள் பலர் நடித்த நாடகமாக இங்கு அறிமுகமாயிற்று. விமர்சகர் ஒருவரின் பாராட்டே அதனை மறு ஆண்டு லண்டன் தேசிய நாடக அரங்குக்குக் கொண்டுசென்றது. 2013-இல் ஃபீபி வாலர்-பிரிட்ஜ் நிகழ்த்திய ‘ஃபிளீபேக்’ ஓரங்க நாடகமோ ஒரே நடிகரையும் ஓர் இருக்கையையும் கொண்டே அமைந்தது. அதில் நாடகத் தனிமொழிக்கும் ஸ்டாண்ட்-அப்புக்கும் இடையிலான எல்லையை வரைவது எளிதன்று. இசையின் நிலை வேறு. தேவாலயக் கச்சேரிகள், இசைநாடகங்கள், கேபரே எனப் பட்டியலின் பல பிரிவுகளில் அது சிதறிக் கிடப்பதால், அதன் உண்மையான அளவு எளிதில் கண்ணுக்குப் படுவதில்லை.

வாடகைச் சுமைக்கு மாற்றாக 1996-இல் பீட்டர் பக்லி ஹில் ‘இலவச விளிம்பு’ முறையைத் தொடங்கினார். மதுவிடுதி தன் அறையை வாடகையின்றித் தருகிறது. பார்வையாளர் நுழைவுச்சீட்டின்றி வந்து, வெளியேறும்போது விரும்பியதை வாளியில் இடுகின்றனர். அறைக்கு வாடகை இல்லையாயினும், கலைஞர் மூன்று வாரம் தங்கும் வீட்டுக்கு உண்டு. விழாக்காலத்தில் அவ்வாடகை பன்மடங்காக உயர்வதால், எவர் மேடையேற முடியும் என்பதை இன்று பெரிதும் தீர்மானிப்போர் அந்நகரின் வீட்டு உரிமையாளர்களே.