வடபுலத்து வீட்டுத் தோட்டத்தில் கவாத்து

தில்லிக்கும் லக்னோவுக்கும் சண்டிகருக்கும் வந்து குடியேறிய தமிழர்களுள், வீட்டின் பின்புறத்தில் சிறிது மண் கிடைத்தால் ஒரு கொய்யாவையேனும் சாத்துக்குடியையேனும் நடாதவர் சிலரே. நீர் விடவும் எருவிடவும் நமக்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. கவாத்துக் கத்தரியைக் கையில் எடுக்கும்போதுதான் நாம் தவறுகிறோம். வெட்டும் முறை நமக்குத் தெரியும். வெட்டும் காலத்தை மட்டும் ஊர் வழக்கப்படியே கணக்கிட்டுவிடுகிறோம்.

கொய்யாவை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் செப்டம்பர், அக்டோபரில் ஒரு முறையும், பிப்ரவரி, மார்ச்சில் ஒரு முறையும் நுனிக் கிளைகளை வெட்டுவது வழக்கம். அந்தப் புரட்டாசிக் கவாத்தைத் தில்லியில் செய்தால் என்ன நேரும்? கொய்யா, புதிதாகத் துளிர்த்த கிளையில் பூக்கும் மரம். வடநாட்டில் சித்திரை, வைகாசியில் பூத்தது மழைக்காலத்தில் பழுக்கும். ஆடி, ஆவணியில் பூத்தது கார்த்திகை முதல் தை வரையில் பழுக்கும். ஆகவே புரட்டாசியில் நாம் வெட்டியெறியும் நுனிகளில் குளிர்காலத்துப் பழங்களெல்லாம் பிஞ்சாக இருக்கும். இழப்பு அத்துடன் நில்லாது. வெட்டிய இடத்தில் எழும் இளந்துளிர் முற்றுமுன் மார்கழி வந்துவிடும். உறைபனி விழும் இரவுகளில் அது கருகிப்போகும். கன்று இளையதாயின் கன்றே பட்டுப்போவதும் உண்டு.

மழைக்காலத்துக் கொய்யா நீர்த்துச் சுவை குன்றியிருக்கும். பழ ஈயின் புழுவும் அதில் மிகுதி. குளிர்காலத்துப் பழமே இனிப்பும் மணமும் உடையது. ஆதலின், மே மாதத்தில் அவ்வாண்டுத் துளிர்களைப் பூவோடு பாதியளவு வெட்டிவிட வேண்டும். வெட்டிய கணுக்களிலிருந்து எழும் புதுத்துளிர் மழையில் பூத்துக் குளிரில் காய்க்கும். லக்னோவிலுள்ள மத்திய மித வெப்பமண்டலத் தோட்டக்கலை நிறுவனம் பரிந்துரைக்கும் முறையும் இதுவே. பூத்த கிளையை வெட்ட மனம் வராதுதான். அரசாங்கக் குடியிருப்பில் வாழ்ந்து, மாற்றல் உத்தரவு என்று வருமோ என்றிருப்பவருக்கு அது இன்னும் கடினம். ஆயினும் இரண்டு காய்ப்பையும் விரும்புபவர் நல்ல காய்ப்பில் குறைவையே காண்பர்.

எனவே, மரம் எந்தக் கிளையில், எப்போது காய்க்கிறது என்பதை வெட்டுமுன் அறிந்துகொள்வது அவசியம். மா, முற்றி ஓய்ந்த கிளையின் நுனியில் பூப்பது. பழம் பறித்தவுடன், தாமதியாமல், அதனைக் கவாத்து செய்துவிட வேண்டும். மார்கழியில் நுனியை வெட்டினால் மாசியில் பூ இராது. இலந்தைக்குத் தமிழ்நாட்டில் கோடைக்கு முன்னரே கவாத்து முடிந்துவிடும். வடக்கிலோ, மே மாத வெயிலில் அது இலையுதிர்த்து உறங்கும் வேளையே தக்க காலம்.

திராட்சையில் இவ்வேறுபாடு மிகத் தெளிவாகத் தெரியும். கம்பம் பள்ளத்தாக்கில் கொடி ஆண்டு முழுவதும் உறங்குவதில்லை. ஆகையால் ஆண்டிற்கு இருமுறை வெட்டிக் காய்க்க வைக்கிறார்கள். தில்லியில் கொடி மார்கழியில் இலையனைத்தையும் உதிர்த்துவிடுகிறது. ஜனவரியில் ஒரே ஒரு கவாத்து. ஜூனில் பருவமழைக்கு முன் பழம் கைக்கு வந்துவிட வேண்டும். இல்லையேல் மழையில் வெடித்து அழுகும். பழம் தரும் மொட்டுகள் சென்ற ஆண்டு வளர்ந்த கொடியில் உள்ளன. அதனை அடியோடு நீக்கினால் காய்ப்பில்லை. அப்படியே விட்டால் குலைகள் பல, மணிகள் சிறியவை. வடநாட்டு வீடுகளில் படரும் பெர்லெட் வகைக்குக் கொடியொன்றில் 3 அல்லது 4 கணுக்களை விட்டு வெட்டினால் போதும். தாம்சன் விதையில்லா வகைக்கு அடிக்கணுக்கள் காய்ப்பதரிது; அதற்குப் பத்துக் கணுக்களேனும் வேண்டும்.

“சாத்துக்குடி நட்டோம், கசந்து புளிக்கும் காய் காய்க்கிறது” என்று வருந்துவோர் உண்டு. மண்ணின்மீது குற்றமில்லை. ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியிலிருந்து எழுந்த முட்கிளையை விட்டுவைத்ததால், அது மேலோங்கி ஒட்டுச்செடியை மடித்துவிட்டது. அத்தகைய துளிரைக் கண்டவுடன் அடியோடு கிள்ளிவிட வேண்டும். மற்றபடி எலுமிச்சை இனத்திற்குக் காய்ந்த கிளையை நீக்குவதே போதிய கவாத்து. தென்மேற்குப் பக்கத்து இலைகளைக் குறைத்துவிடலாகாது. வடநாட்டுக் கோடை வெயில் பட்டையை வெடிக்கச் செய்யும். அடிமரத்திற்குச் சுண்ணாம்பு பூசுவதும் அதற்காகவே.

பெருங்கிளையை வெட்டும்போது ஒரே வெட்டில் அறுத்தால் அது பட்டையை உரித்துக்கொண்டு விழும். அடிமரத்திலிருந்து ஒரு முழம் தள்ளி, முதலில் கீழிருந்து மூன்றிலொரு பங்கு அறுக்க வேண்டும். பின் சற்று அப்பால் மேலிருந்து அறுத்துக் கிளையை வீழ்த்தி, எஞ்சிய கட்டையைப் பிறகு நீக்க வேண்டும். அடிமரத்தோடு ஒட்ட அறுப்பதே நேர்த்தி என்று முன்னாளில் எண்ணினர். கிளை தோன்றும் இடத்திலுள்ள புடைத்த வளையமே காயத்தை மூடுவது என்பது இன்று தெளிவு. அவ்வளையத்தைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே அறுத்தல் வேண்டும்.

பெருங்காயங்களுக்குப் போர்டோப் பசை பூசலாம். மயில்துத்தம் 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம், நீர் 1 லிட்டர். இரண்டையும் தனித்தனியே பாதி நீரில் கரைத்துப் பின் கலக்க வேண்டும். கலவையில் துலக்கிய கத்தியொன்றைச் சிறிது நேரம் தோய்த்தெடுத்தால் செம்பு படிந்திருக்கலாகாது. படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்புநீர் சேர்க்க வேண்டும். மண்சட்டியிலோ பிளாஸ்டிக் வாளியிலோ கலக்குக. இரும்புப் பாத்திரம் கூடாது. அன்று கலந்ததை அன்றே பூசிவிட வேண்டும்.