அவள் எழுதிய ஆப்பிரிக்கா - 7: ஐசத்து வாங்கித் தந்த கார்

போன வாரம் ஃப்ளோரா நுவாபாவின் எஃபுருவோடு நைஜீரியாவில் நின்றோம். பிள்ளை தங்காத அந்த வியாபாரி தன் காலில் நின்றவள் என்பது நினைவிருந்தால் போதும். இந்த வாரத்துக்குச் செனகலின் 1972ஆம் ஆண்டுக் குடும்பச் சட்டத்தை வாக்களித்திருந்தேன். அதற்குமுன் ஒரு காரைப் பற்றிப் பேசியாக வேண்டும். செனகல் எழுத்தாளர் மரியாமா பாவின் நாவல் 'இத்தனை நீண்ட கடிதம்' 1979இல் தாக்கரில் பிரெஞ்சு மொழியில் வெளிவந்தது. ஆப்பிரிக்க நூல்வெளியீட்டுக்கான நோமா விருது தொடங்கப்பட்டதும் முதல் பரிசு இந்நாவலுக்கே கிடைத்தது. 1981இல் பா காலமானார். கணவன் மொதூ இறந்து, இத்தா என்னும் கைம்பெண் காத்திருப்புக் காலத்தில் இருக்கும் ரமத்துலாயே தன் தோழி ஐசத்துவுக்கு எழுதும் கடிதம்தான் கதை. ரமத்துலாயே பள்ளி ஆசிரியை, 12 பிள்ளைகளின் தாய். மூத்த மகளின் பள்ளித்தோழி பினெத்துவை மணந்துகொண்டு மொதூ இவளை விட்டுப் போயிருந்தான்.

இந்த நாவலைக் கண்ணீர்க் கதையாகப் படிப்பவர்கள் அதிலுள்ள வரவு செலவைத் தவறவிடுகிறார்கள். ரமத்துலாயே குடியிருக்கும் வீடு இருவர் சேமிப்பிலும் வாங்கியது. பத்திரம் மொதூ பெயரில். அந்த வீட்டை அடமானம் வைத்துத்தான் புது மனைவிக்கு அவன் வீடு வாங்கினான் என்பது, அவன் இறந்த பிறகு தெரியவருகிறது. படிப்பை நிறுத்திய பினெத்துவுக்கு மாதம் 50,000 ஃபிராங்க், சம்பளம் போல. இன்னொரு பக்கம் ஐசத்து: தட்டார் மகள் என்று மாமியாரால் இழிவுபடுத்தப்பட்டவள், கணவன் மறுமணம் செய்ததும் 4 மகன்களோடு வெளியேறி, படித்து, அமெரிக்காவிலுள்ள செனகல் தூதரகத்தில் மொழிபெயர்ப்பாளராகிறாள். பஸ்ஸில் பிள்ளைகள் படும் பாட்டை ரமத்துலாயே பேச்சோடு பேச்சாகச் சொல்ல, ஒருநாள் ஃபியட் நிறுவனத்திலிருந்து அழைப்பு வருகிறது: பிடித்த காரை எடுத்துக்கொள்ளுங்கள், முழுப் பணமும் கட்டியாகிவிட்டது. ஃபியட் 125! இந்த மாடல் எண்ணை பா விடாமல் எழுதியிருப்பது எனக்குப் பெரும் மகிழ்ச்சி. அதோடும் நிற்கவில்லை, ரமத்துலாயே பயத்தை அடக்கி, கார் ஓட்டக் கற்றுக்கொள்வதையும் காட்டுகிறார். விடுதலைக்கு மனவுறுதி வேண்டும். கூடவே ஒரு பெண்ணின் சம்பாத்தியம் இன்னொரு பெண்ணுக்குக் கைகொடுக்கவும் வேண்டும் என்பதே நாவலின் வாதம் என்று நான் கொள்கிறேன்.

படித்த, வசதியுள்ள பெண்களின் கதைதானே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் ஏழை வீட்டுப் பினெத்துவைப் பா வில்லியாக்கவில்லை. வறுமையிலிருந்து மீளத் தாய் மகளின் படிப்பைப் பலிகொடுத்ததை அதே கணக்கேட்டில்தான் எழுதுகிறார். ரமத்துலாயே விவாகரத்துக் கேட்கவில்லையே, இதில் என்ன மாற்றம் என்பது இன்னும் வலுவான கேள்வி. பதில் 40ஆம் நாள் சடங்கில் இருக்கிறது. இத்தா முடிந்ததும் உன்னை மணப்பேன் என்று மொதூவின் அண்ணன் தம்சீர், இமாம் முன்னிலையில் உத்தரவு போல அறிவிக்கிறான். அதுவரை அடங்கியிருந்தவள் அவனை நேருக்கு நேர் மறுத்துப் பேசுகிறாள். பிறகு பெண் கேட்டு வரும் தவுதா தியெங் பண்பாளர், நாடாளுமன்ற உறுப்பினர், அவரையும் மறுக்கிறாள். அவருக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள். இன்னொருத்தியின் வீட்டில் தனக்கு நேர்ந்ததை நிகழ்த்த இவள் தயாரில்லை. விட்டுப் போனவளுக்கும் இருந்து மறுத்தவளுக்கும் பா ஒரே மரியாதை தருகிறார்.

சட்டத்துக்கு இடமில்லாமல் போய்விட்டது. திருமணத்தின்போதே ஒரு மனைவியா, நால்வர் வரையா என்று ஆண் தெரிவிக்க வேண்டும். அவன் எதுவும் சொல்லாவிட்டால் பலதாரம் என்றே 1972 சட்டம் எடுத்துக்கொள்கிறது. அந்த மௌனம் யாருக்குச் சாதகம் என்பது அடுத்த வாரம்.